ஆறுதலா? அயர்வா?



கொரோனாக் காலத்திலே சமூக ஊடகம் நம் மனசுக்குத் தந்தது ஆறுதலா, அயர்வா? அயர்வே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அழகாப் பேசினாங்க. ‘2020 மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள்ளே பக்தர்களுக்கு அனுமதி இல்லை. நேரலையிலேதானே பார்த்தோம்? வீட்டிலேயே தாலிக்கயிறு மாத்திக்கிட்டோமே, அது ஆறுதல் இல்லையா?’ன்னு கேட்டாங்க. ஆறுதல்தாம்மா! நாங்களும் கண்ணு கலங்கித்தான் பார்த்தோம். அந்த வருஷம் அழகர் ஆத்திலே இறங்கலையேங்கிற ஏக்கம் மதுரைக்காரனுக்குத்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. கல்யாணம் முடிஞ்சது, எழுந்திரிச்சுப் போய்ச் சாப்பிட்டோம். அதுக்கு ஒரு முடிவு இருந்தது. வாட்ஸ்அப்புக்கு முடிவு உண்டா? தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருந்தது!

நோயோடு சேர்ந்து தகவல் தொற்றும் பரவுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2020 பிப்ரவரியிலேயே எச்சரிச்சது. கோழி தின்னா கொரோனா வரும்னு கிளப்பிவிட்ட புரளியிலே, கோழிப்பண்ணைக்காரங்க தலையிலே துண்டைப் போட்டுக்கிட்டாங்க. என் வீட்டம்மா காலையிலே ஒரு கஷாயம், ராத்திரி ஒரு கஷாயம். ‘எந்த வைத்தியர் சொன்னாரு?’ன்னு கேட்டேன். ‘ஃபேமிலி குரூப்பிலே வந்துச்சு’ன்னாங்க. (சிரிப்பு)

2020 ஏப்ரலிலே அந்தக் கம்பெனியே, பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம்னு கட்டுப்பாடு போட்டது. கடைக்காரனே ‘அளவாச் சாப்பிடு’ன்னு சொன்னா, சரக்கு எப்படி இருந்திருக்கும்! (கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்ப ஒரு விஷயம் சொல்றேன்.

2021 மே மாசம். இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. மேலூர்ப் பக்கம், என்கூட ஒரே பெஞ்சிலே படிச்ச நண்பன் போயிட்டான். குரூப்பிலே போட்டோ வந்துதான் எனக்குத் தெரியும். கைகூப்பின பொம்மை ஒண்ணு போட்டேன். விரல் தானாத் தள்ளுது. அடுத்து இன்னொரு மரணம், அதே பொம்மை. அதுக்குக் கீழே ஒரு வடிவேலு மீம்ஸ், சிரிக்கிறேன்! அந்த ராத்திரி தூக்கமும் வரலை, அழுகையும் வரலை.

நம்ம பக்கம் கேதம்னா எப்படிங்க? பஸ் ஏறிப் போவோம். பொம்பளைங்க கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைப்பாங்க. ஆம்பளைங்க பந்தலிலே கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம். பதினாறாம் நாள் கருமாதி. துக்கத்துக்கும் ஒரு அளவு வச்சிருந்தாங்க நம்ம பெரியவங்க. போனிலே ஒரே நாளிலே ஒன்பது வீட்டுக் கேதம். ஒரு வீட்டுக்கும் போகலை. அழாத கண்ணீர் உள்ளேயே தங்கிப்போச்சு. அதுதாங்க அயர்வு.

மூணு வாரம் கழிச்சு அவன் மனைவிக்குப் போன் போட்டேன். ‘அண்ணே, குரூப்பிலே நூறு பேருக்கு மேலே கும்பிடு போட்டாங்க. கூப்பிட்டுப் பேசினது நீங்க நாலாவது ஆளு’ன்னு சொல்லுச்சு அந்தத் தங்கச்சி. அப்புறம் ரெண்டு பேராலேயும் பேச முடியலை. அழுதோம். அன்னைக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன்.

‘அதுவும் போன்தானே?’ன்னு எதிரணி கேட்கும். போன் வேற, சமூக ஊடகம் வேற. ஒரு குரல் ஒரு காதைத் தேடி வந்தா அது ஆறுதல். எல்லார் துக்கமும் எல்லார் கைக்கும் ஓயாம வந்தா அது அயர்வு.

அடுத்த தடவை கும்பிடு பொம்மை போடுங்க, வேண்டாங்கலை. போட்ட கையோடு ஒரு போனும் போடுங்க.