அருவி காண்பாரும் அடுப்பு மூட்டுவாரும்



பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாக நிற்பது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் வேறொரு கூத்தனை அவனிடம் வழிப்படுத்துவதாக அமைந்த 583 அடிகள் அவை. வழி சொல்பவன் மலையின் எழிலை மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை. எவ்விடத்தில் கால் வழுக்கும், எவ்விடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், யானையை வெருட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும், அங்குள்ளோரிடம் எவ்வாறு பேசிப் புக வேண்டும் என அனைத்தையும் சொல்கிறான். காணத்தக்கனவும் வழிச்செல்வோர்க்கு வேண்டுவனவும் அப்பாட்டில் பிரிந்து நிற்கவில்லை.

இன்றைய சுற்றுலாக் கையேடு இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. முதற்பக்கத்தில் வண்ணப்படமாக அருவி. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உணவகம், பேருந்து நேரம், மருத்துவர், கழிப்பறை. கவிஞர்களும் பெரும்பாலும் முதற்பக்கத்தையே பாடியுள்ளனர். கடைசிப் பக்கத்திலிருந்து ஓர் ஆல்ப்சுப் பள்ளத்தாக்கைப் படித்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட இடம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்திலுள்ள லாட்டர்புருன்னன்.

பனியாறு அகழ்ந்த பள்ளத்தாக்கு அது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்தில் சமதரை. அதன் நடுவே வெள்ளை லூட்சினே ஆறு. சுவர்களின் உச்சியிலிருந்து விழும் அருவிகள் 72 என்பது அவ்வூரார் சொல்லும் கணக்கு. கோடையில் பனி உருகும்போது தோன்றிப் பின் மறைவனவும் இக்கணக்கில் அடங்கும் போலும்; அருவியை எண்ணுவோர் எந்நாட்டிலும் தாராள மனத்தினரே. அவற்றுள் தலைமை பெற்றது ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டௌப்பாக். செருமானிய மொழியில் 'ஸ்டௌப்' என்றால் தூசி. தரையைத் தொடுமுன்பே நீர் துகளாகிக் காற்றில் கலந்துவிடுவதால் வந்த பெயர்.

1779 அக்டோபரில் கதே இங்கு வந்தார். வைமார் நாட்டுக் கோமகன் கார்ல் அவுகுஸ்ட் உடன் வந்திருந்தார். அருவியைக் கண்ட கதே, மனித உயிரின் போக்குவரவை நீரின் போக்குவரவோடு ஒப்பவைத்து, 'நீர்மேல் ஆவிகளின் பாடல்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு கவிதை எழுதி, சார்லட் ஃபான் ஸ்டைன் அம்மையாருக்கு அனுப்பினார். பிற்காலத்தில் ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். 1816 செப்டம்பரில் பைரன் வந்தார். காற்றில் அலையும் அருவியை அவர் வெண்குதிரையின் வாலாகக் கண்டார். அதுவும் விவிலியத்தின் இறுதி நூலில் சாவு ஏறிவரும் அந்த வெளிறிய குதிரையின் வாலாக! மறு ஆண்டு வெளிவந்த 'மான்ஃபிரட்' நாடகத்துள்ளும் இவ்வுவமை இடம்பெற்றது.

இவ்விரு பெருங்கவிஞரும் எங்கே தங்கினர் என்பதை இலக்கிய வரலாறு அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறது. இருவரும் தங்கியது ஊர்ப் பாதிரியார் இல்லத்தில். உயர்ந்த விடுதிகள் எழாத அக்காலத்தில் மலைநாட்டுக்கு வந்த பெரியோர்க்கு அதுவே தங்குமனை. பைரனின் நாட்குறிப்பில் அருவிக்கும் மலைக்கும் வரிகள் பல. பாதிரியார் வீட்டில் தங்கிய செய்தி ஓரிரு சொற்களில் முடிந்துவிடுகிறது. குளிரில் நனைந்து வந்தவர்க்கு அடுப்பு மூட்டப்பட்டிருக்கும், படுக்கை விரிக்கப்பட்டிருக்கும், குதிரைக்கு வைக்கோல் இடப்பட்டிருக்கும். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் ஆயின், இவற்றுக்கு இருபது அடியேனும் தந்திருப்பார்.

இவ்வரிசையில் மிகக் கருதத்தக்கவர் வோர்ட்ஸ்வொர்த். 1820-ஆம் ஆண்டு மனைவி மேரியோடும் தங்கை டாரதியோடும் ஐரோப்பாக் கண்டத்தில் பயணம் செய்த அவர், ஸ்டௌப்பாக்கை அணுகியபோது காதில் ஒரு பாட்டு விழுந்தது. அதுவரை கேட்ட எவ்விசையோடும் ஒவ்வாத காட்டுப் பாட்டு. எதற்காகப் பாடப்படுகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. அருவிக்கே உரிய ஒலியோ என மயங்கினார். அவருடைய நண்பர் ராபர்ட் சதேயும் முன்னர் இதே இடத்தில் இதே பாட்டைக் கேட்டவர். அருவியின் சாரல் படாத தொலைவில் கூடிநின்று குரலெடுத்தவர்கள் பத்துப் பேர் அளவிலான குடியானவர்கள். பெரும்பாலோர் பெண்களும் சிறுமியரும். பார்க்க வருவோரிடம் காசு பெறுவதற்காகவே அவர்கள் பாடினர்.

வோர்ட்ஸ்வொர்த் இதனைப் பதினான்கடிப் பாவாக எழுதி, 1822-இல் வெளியிட்ட பயண நினைவுக் கவிதைகளில் சேர்த்தார். தெய்வப் பெண்டிரின் குரல் போன்ற அவ்விசை, கந்தல் உடுத்த வறுமையின் வாயிலிருந்தா வர வேண்டும் என்பது அவரது வருத்தம். வறுமையோடு சோம்பலையும் அவர் ஐயுறுகிறார். இரக்கமும் கடிதலும் கலந்த குரல் அது. தமிழ் படித்தோர்க்கு இவ்விடம் உறுத்தலாகவே இருக்கும். பாடிப் பரிசில் பெறுவது இழிவென்றால் பாணனும் விறலியும் பொருநனும் என்ன ஆவர்? சுற்றத்தின் பசியைச் சொல்லியே நம் ஆற்றுப்படைகள் எழுந்தன. பாடுநர் ஏழையாயினும் பாட்டின் மதிப்பு அங்கே குறையவில்லை. எனினும் ஆங்கிலக் கவிஞரை எளிதில் குறைகூறிவிடலாகாது. அருவியைப் பாட வந்த புகழ்பெற்றோருள், அதனடியில் நின்று பிழைத்த பெண்களைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர் அவர். அவர்கள் இருந்ததை இன்று நாம் அறிய அப்பாவும் அதன் குறிப்பும் உதவுகின்றன.

அந்நாளில் அருவிப்பாட்டும், குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ் வேலையும், மலைவழி காட்டலும் அவ்வூரார்க்குப் பயணிகளிடமிருந்து வந்த வரும்படிகள். இரயில் வந்தபின் நிலை மாறியது. 1890-இல் இன்டர்லாக்கனிலிருந்து இருப்புப்பாதை எட்டியது. 1893-இல் வெங்கன் வழியாக மலைமேல் ஏறும் பற்சக்கர இரயில் தொடங்கியது. நீலகிரி மலை இரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பயணம் செய்தோர்க்குத் தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் பதிக்கும் இம்முறை புதிதன்று. அங்குள்ள பற்சட்ட அமைப்பை வகுத்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிட்சர்லாந்துப் பொறியாளரே.

பள்ளத்தாக்கின் மற்றோர் அதிசயம் டிரும்மெல்பாக். ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் என்னும் மூன்று பனிமலைகளின் உருகுநீர் பாறையைக் குடைந்துகொண்டு மலைக்குள்ளேயே பத்து அருவிகளாக விழுகிறது. நீர்ப்பெருக்குக் காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை பாய்வதுண்டு. அந்த முழக்கத்தில் அருகில் நிற்பவர் பேச்சும் கேளாது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்துப் பெயர்பெற்றது நம் பாட்டு. அவ்வுருவகத்தை உடலால் உணரத்தக்க இடம் இது. ஆயினும் கண்டுகளிக்க வேண்டுமெனில் பாறைக்குள் மின்தூக்கியும் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் விளக்கும் வேண்டும். மின்தூக்கி 1913-இல் அமைந்தது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

மலையுச்சிப் பயணத்தின் விலை இன்னும் பெரிது. அடால்ஃப் குயர்-செல்லர் என்னும் தொழிலதிபர் யுங்ஃபிராவுக்கு இரயில் விட எண்ணி 1896-இல் வேலை தொடங்கினார். ஏழாண்டில் முடியும் என்பது திட்டம். ஆனது பதினாறு ஆண்டு. அவர் 1899-இலேயே மறைந்தார். ஐகர், மோங்க் மலைகளின் உள்ளே ஏழு கிலோமீட்டர் சுரங்கத்தைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியக் கூலித் தொழிலாளர். ஏறத்தாழ 30 பேர் உயிரிழந்தனர். 1912 ஆகஸ்ட் 1 அன்று, 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் நிலையம் திறக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் அங்கே சென்றோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். நூற்றாண்டையொட்டி 2012-இல் திறந்த காட்சிக்கூடம் சுரங்கத் தொழிலாளரை நினைவுகூர்கிறது. தாமதமானாலும் நல்ல செயல்.

பாறைச் சுவரின் மேல் ஒருபுறம் வெங்கன், மறுபுறம் மூரென். இரண்டும் சுற்றுலாக் கார்கள் ஏறாத ஊர்கள். 'அமைதியான சிற்றூர்' என்று கையேடு சொல்லும் அந்த அமைதியை நிலைநிறுத்த நாள்தோறும் ஆகும் வேலை கொஞ்சமன்று. பால், மாவு, படுக்கைவிரிப்பு, எரிபொருள், பயணியின் பெட்டி ஆகிய எல்லாம் இரயிலிலோ கம்பிவட ஊர்தியிலோ ஏற வேண்டும். குப்பையும் அவ்வாறே இறங்க வேண்டும். கீழே தரைவழியே மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள ஸ்டெக்கல்பெர்க் வரை செல்கிறது. பள்ளியும் வேலையும் மருத்துவமும் நாடிச் செல்லும் ஊரார் பயணிகளோடு அதே பேருந்தில் நெருக்கி நிற்கிறார்கள்.

பாறையுச்சியிலிருந்து பாரசூட்டோடு குதிக்கும் வீர விளையாட்டுக்கும் இப்பள்ளத்தாக்கு பேர்பெற்றது. குதித்து மாண்டோரும் பலர். உயிரோடு இறங்குவோர் இறங்குமிடம் உழவரின் புல்வெளி. அப்புல் கால்நடைக்குக் குளிர்காலத் தீவனம், மிதிபட்டால் வீண். ஆகவே குதிப்போர் ஆண்டுக்கொரு கட்டணம் செலுத்தி அட்டை வாங்க, அத்தொகையிலிருந்து உழவருக்கு ஈடு செய்யும் ஏற்பாடு வந்தது. கவண்கல் எறிந்து தினைப்புனம் காத்த குறவர்க்கு இந்நுட்பம் விளங்கியிருக்கும்.

லாட்டர்புருன்னன் ஊராட்சியில் உள்ள மக்கள் ஏறத்தாழ 2,400 பேர். அவர்கள் தெருவில் வெயிற்கால நாளொன்றில் நிறையும் கூட்டம் அத்தொகையை விழுங்கிவிடும். அருவியின் முன்னே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. படம் எடுப்போர்க்கு மிக உவப்பான கோணம் அதுவே என்பது, அங்கே உறவினரைப் புதைத்தவர்களுக்கு எவ்வளவு நோகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். காரில் வந்து சில மணிநேரம் நின்று போவோரிடம் நுழைவுக் கட்டணம் பெறலாமா என 2024-இல் ஊராட்சி ஆராய்ந்தது. தங்குவோர்க்கும் பொதுப் போக்குவரத்தில் வருவோர்க்கும் விலக்கு அளிப்பதே எண்ணம். இதனை விருந்தோம்பலுக்கு மாறானது எனக் கவிஞர் சிலர் கருதக்கூடும். வாசல் பெருக்கி, தண்ணீர் வைத்து, குப்பை அள்ளுவோர் எண்ணிக்கை கூடாமல் விருந்தினர் எண்ணிக்கை மட்டும் கூடினால் அதனை விருந்து என்பது பொருந்துமா?

மலையும் முன்போல் இல்லை. 2022, 2023 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2025 மே 28 அன்று, இப்பள்ளத்தாக்கின் தென்கோடி மலைகளுக்கு அப்பால் உள்ள லோட்சன் பள்ளத்தாக்கில், பிளாட்டன் என்னும் சிற்றூரைப் பனியும் பாறையும் சரிந்து மூடின. அவ்வூரார் ஏறத்தாழ 300 பேரும் சில நாள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர்; ஒருவர் மாண்டார். மலையை அளந்து பார்த்துக்கொண்டேயிருந்தோர் சொன்ன எச்சரிக்கை அத்தனை பேரைக் காத்தது. 'இவ்விடத்தில் கல் விழும், விலகிச் செல்க' என்று கூத்தன் சொன்னதும் இவ்வகையைச் சேர்ந்ததே. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இச்செய்திக்கு இனி முதலிடம் தர வேண்டியிருக்கும்.

இறுதியாக ஒன்று. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பல்லாயிரவர் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தனர். தொடக்க ஆண்டுகளில் அவர்களுள் மிகப் பலர்க்குக் கிடைத்த வேலை உணவகத்தின் பின்கட்டில். 'கோப்பை கழுவுதல்' என்று அவர்களே அதற்குப் பெயரிட்டனர். முன்கட்டில் மேசையிட்டுப் பனிமலையைப் பார்த்து உண்டவர்க்குப் பின்கட்டில் நின்ற கைகள் தெரிந்திருக்க வழியில்லை. படித்தவரும் எழுதுபவரும் அவர்களுள் இருந்தனர். வேலை முடிந்த இரவுகளில் அவர்கள் எழுதினர். 'மனிதம்' போன்ற சிற்றிதழ்கள் அந்நாட்டிலிருந்து வெளிவந்தன. அருவியடியில் பாடிய பெண்களின் பாட்டு எழுதி வைக்கப்படாமல் காற்றோடு போயிற்று. இவர்கள் எழுத்தோ அச்சில் இருக்கிறது. ஆனால் மெல்லிய தாளில் சில நூறு படிகளாக அச்சேறிய அவ்விதழ்கள் தமிழகத்து நூலகங்களில் முழுத்தொகுதியாகக் கிடைப்பது அரிது. வட்டத்தின் நூலகக் குழுவினர் வரும் ஆண்டில் அவற்றைத் தேடித் திரட்டத் தொடங்கலாம். அன்பர் எவரிடமேனும் ஓர் இதழ் இருப்பினும் அதன் ஒளிப்படியைக் குழுவிடம் ஒப்படைக்குமாறு இவ்வரங்கில் கேட்டுக்கொள்ளப்படுகிறது.