ஆசிரியர் பயிற்சி தோட்டத்துக்கும் வந்து சேர வேண்டும்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை எத்தனை 'ஏ' எடுத்தான் என்று கேட்கிறோம். அவனுக்குப் போதிக்கும் ஆசிரியருக்குக் கடைசியாக எப்போது பயிற்சி கிடைத்தது என்று கேட்பதில்லை. இன்று அதைக் கேட்போம்.

நாட்டில் 520க்கும் அதிகமான தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பாதிக்கு மேற்பட்டவற்றில் 150 மாணவர்கள்கூட இல்லை. அங்கே ஓர் ஆசிரியர் இரண்டு நாள் பயிற்சிக்குப் பட்டணம் போனால், அவர் வகுப்பையும் பக்கத்து வகுப்பு ஆசிரியரே பார்க்க வேண்டும். பிறகு யாருக்குப் போக மனம் வரும்?

இணையவழிப் பயிற்சி இந்தக் குறையைத் தீர்க்க முடியும். சுங்கை சிப்புட் ஆசிரியரும் கோலாலம்பூர் ஆசிரியரும் ஒரே விரிவுரையைக் கேட்கலாம். புரியாத இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நான் இதை ஆதரிப்பவன்தான்.

ஆனால், கருவி வந்தால் போதும் என்று நம்பி விடாதீர்கள். 2011இல் பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தர, 400 கோடி வெள்ளிக்கு மேல் மதிப்பிட்ட ஒரு திட்டம் வந்தது. தலைமைக் கணக்காய்வாளரின் 2013 அறிக்கையோ, அந்தத் தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்றது. 2019இல் ஒப்பந்தம் முடிந்தது. 2020இல் 'டெலிமா' வந்தது. பெயர் மாறியது சரி, ஆசிரியருக்கு நேரம் கிடைத்ததா?

இரவு பத்து மணிக்கு, சொந்த 'டாட்டா'வில், கைத்தொலைபேசியில் பார்ப்பது பயிற்சியாகாது. பள்ளி நேரத்திலேயே அதற்கு மணி ஒதுக்க வேண்டும். மாற்று ஆசிரியர் வேண்டும்.

மொழியும் முக்கியம். நம் பள்ளியில் கணிதம் தமிழில் நடக்கிறது, பயிற்சியோ பெரும்பாலும் மலாயில். 'பெச்சாஹான்' என்றால் பின்னம் என்று ஆசிரியருக்குத் தெரியும். அதை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தமிழில் எப்படி விளக்குவது? அனுபவமுள்ள தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் செய்து காட்டும் காணொளி இருந்தால் எல்லாப் பள்ளிக்கும் போகும். அதைத் தயாரிக்கச் சொல்லுங்கள்.

கெஞ்ச வேண்டியதில்லை. தேசிய மாதிரிப் பள்ளிகள் 1996 கல்விச் சட்டத்தில் இடம்பெற்றவை. அவை அரசமைப்புக்கு முரணானவை அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023இல் தீர்ப்பளித்தது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தலைமையாசிரியரைக் குற்றவாளியாக்காதீர்கள், அவரும் நம் பக்கம்தான். தீர்மானத்தை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு மலாயில் கடிதமாக அனுப்புங்கள். நேரில் கொடுத்தால், நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.