ஸ்லைகோ நகரின் வாக்குச்சீட்டு



ஸ்தல ஸ்தாபனங்களின் சரித்திரத்தை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை தாங்கும் பேற்றை எனக்கு அளித்தமைக்கு என் நன்றி உரியது. யுத்தங்களையும் பாராளுமன்றங்களையுமே சரித்திரமென்று கருதிப் பழகிய நமக்கு, சாக்கடையும் வீட்டுவரியும் பற்றிக் கவலைப்பட்ட ஒரு சிறு நகரம் எதைக் கற்பிக்கும் என்ற ஐயம் எழலாம். அதற்கு விடையாக, அயர்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள ஸ்லைகோவில் 1919-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி நடந்த நகரசபைத் தேர்தலைத் தங்கள்முன் வைக்கிறேன்.

அந்நகரசபை கடனில் ஆழ்ந்திருந்தது. அதன் நிதிநிலையைச் சீர்செய்ய 1918-இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம், விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் உடன் கொணர்ந்தது. நம் ராஜ்யசபைத் தேர்தலில் கையாளப்படும் ஒற்றை மாற்று வாக்குமுறையே அது. வாக்காளர், பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையைக் குறிப்பார். உதாரணமாக, எட்டு இடங்களுக்கு 900 சீட்டுகள் விழுந்தால், அவற்றை இடங்களைவிட ஒன்று கூடிய ஒன்பதால் வகுத்து ஒன்று கூட்டிய 101 வாக்கு பெற்றவர் தேறுவார். அவருக்கு மிஞ்சிய வாக்கும், கடைநிலையில் நின்று கழிக்கப்பட்டவரின் வாக்கும், அடுத்த விருப்பத்திற்கு உரியவரின் கட்டிற்குச் சென்று சேரும்.

முந்திய மாதப் பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் 105 ஸ்தானங்களில் 73-ஐக் கைப்பற்றிய, சுதந்திரம் கோரிய ஷின் ஃபெயின் கட்சிக்கு, ஸ்லைகோவின் 24 இடங்களில் கிடைத்தவை 7. வரி செலுத்துவோர் சங்கத்திற்கு 8, தொழிற்கட்சிக்கு 5, சுயேச்சைகளுக்கு 4. எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஆகவே, வரிச்சுமையைத் தாங்கியவரும், கூலிக்கு உழைத்தவரும், சுதந்திரக் கொடி பிடித்தவரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர நேர்ந்தது.

இவ்வாக்குமுறை அவ்வாண்டே சட்டத்தின் மூலம் அயர்லாந்து முழுவதற்கும் விரிக்கப்பட்டு, சரியாக ஓராண்டு கழித்து, 1920 ஜனவரி 15-ஆம் தேதி நகரங்களெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அதற்கு வாய்த்த கதி இருவேறாயிற்று. அயர்லாந்துப் பிரிவினைக்குப் பின், வட அயர்லாந்து அரசாங்கம் 1922-இல் உள்ளாட்சித் தேர்தல்களிலிருந்து இதை அகற்றியது; தெற்கிலோ, பாராளுமன்றத் தேர்தலிலிருந்து இதை நீக்க ஆட்சியாளர் 1959-இலும் 1968-இலும் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தியும், ஜனங்கள் இருமுறையும் மறுத்துவிட்டார்கள். எண்ணிக்கையில் குறைந்தோருக்கு இடமளிக்கும் விதியை, எண்ணிக்கையில் மிகுந்தோர் தாமாக விரும்பிக் காப்பதில்லை. பழக்கத்தால் அதன் பயனை உணர்ந்த ஜனங்களே காத்தார்கள் என்பது என் துணிபு.

ஆகவே, அறிஞர்களே, நகரசபைப் பதிவேடுகளைப் புரட்டும்போது வென்றவர் யார் என்று கேட்பதோடு நில்லாது, சிறுபான்மையினருக்கு நாற்காலி இருந்ததா என்றும் கேட்குமாறு வேண்டி, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.