குச்சிக்கிழங்கும் நெகிழியும்

(நாமக்கல் மாவட்டம் சேடர்பாளையத்தில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஊர்ப்பெயர்ப் பலகையில் ஜேடர்பாளையம் என்றிருக்கும் இவ்வூரைச் சேடர்பாளையம் என்றெழுதினால் காவிரி ஒன்றும் வழிமாறி ஓடிவிடாது. ஆயினும் அதையே ஒரு பெருந்துணிவாகக் கருதும் நிலையில்தான் தமிழன் இருக்கின்றான். அது நிற்க. இன்றைய பேச்சு பெயரைப் பற்றியதன்று, பையைப் பற்றியது.

இவ்வூர்ப் படுகையணையில் தேங்கும் காவிரி நீர் அரசவாய்க்கால் வழியே சென்று, பரமத்தி வேலூர்ப் பகுதியின் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் கரும்பு வயல்களையும் ஊட்டி வளர்க்கின்றது. அவ்வாய்க்காலை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்பது இப்பகுதி மக்கள் நன்றியோடு போற்றிவரும் நினைவு. ஆடிப் பதினெட்டன்று ஆற்றை வணங்க வரும் கூட்டமும், ஏனை நாள்களில் அணையைக் காண வரும் கூட்டமும் திரும்பிச் சென்றபின் கரையில் எஞ்சுவன யாவை? தண்ணீர்ப் பைகள், தேநீர்க் குவளைகள், தின்பண்ட உறைகள். காற்றில் பறந்தவை போக, எஞ்சியவை வாய்க்காலில் இறங்குகின்றன, மடைவாயை அடைக்கின்றன, அதையும் தாண்டியவை கொடிக்கால் மண்ணிற் புதைந்து, வேர் செல்லும் வழியையும் நீர் செல்லும் வழியையும் மறிக்கின்றன. இன்று எறிந்த பை, எறிந்தவனின் பேரன் உழும்போதும் கொழுவில் சிக்கும்.

அரசு வாளாவிருக்கவில்லை. ஒருமுறை கையாண்டு எறியும் நெகிழிப் பொருள்களுக்கான தடையைத் தமிழ்நாட்டரசு 2018 சூன் 5-இல் அறிவித்து, 2019 சனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 2021 திசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியது. ஒன்றிய அரசின் தடை 2022 சூலை 1-இல்தான் வந்தது; மூன்றரை ஆண்டு பிந்தி வந்தாலும், வந்தவரையில் நன்று. ஆனால், தடை என்பது 'இதைச் செய்யாதே' என்று சொல்வது. எதைச் செய்துகொள்வது என்று அது சொல்லாது. கடைக்காரர் பழைய பையைப் பலகைக்கடியில் ஒளித்து வைத்து நீட்டுகின்றாரெனில், அவர் தீயவர் என்பது அதற்குக் கரணியமன்று; நீட்டுவதற்கு வேறொன்று கைக்கெட்டிய விலையில் இல்லை என்பதே கரணியம்.

அந்த வேறொன்றின் மூலப்பொருள் இக்கூட்டத்திற்கு வந்திருக்கும் உழவர் பலரின் தோட்டத்திலேயே நிற்கின்றது. குச்சிக்கிழங்குதான் அது. மரவள்ளி, ஆள்வள்ளி, கப்பை என்றும் அதனை வழங்குவர். அதன் தாய்நிலம் தென்னமெரிக்கா. போர்த்துக்கீசியரால் மேலைக் கடற்கரைக்கு வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதனைத் தம் நாட்டிற் பரப்பினார். வந்தேறிய கிழங்குக்குத் தமிழுழவன் ஒன்றுக்கு நான்காகத் தன் சொல்லில் பெயரிட்டுக் கொண்டான் என்பதை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்க. பிளாசுடிக்கு என்று வாய் நோவச் சொல்லும் படித்தவருக்கு அந்தத் துணிவு வரவில்லை.

1943-இல் இரண்டாம் உலகப்போர் கடல் வணிகத்தை முடக்கிற்று. அமெரிக்கச் சோள மாவும் மலேயாச் சவ்வரிசியும் வரவில்லை. அவ்வேளையில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் சா என்பாரும் இக்கிழங்கிலிருந்து மாவும் சவ்வரிசியும் எடுக்கும் தொழிலைக் குடிசைத் தொழிலாகவே தொடங்கினர். கப்பல் நின்றது, தொழில் பிறந்தது. பின்னர் ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம், புதுச்சத்திரம், மல்லியகரை என ஆலைகள் பரவின. 1981-இல் ஆலையாளர் கூட்டுறவு அமைப்பு சேலத்தில் உருவாயிற்று. 2023-இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. இந்தியாவில் உண்ணப்படும் சவ்வரிசியின் பெரும்பகுதி இவ்விரு மாவட்டங்களின் களங்களில் காய்ந்ததே.

பெருமை இவ்வளவு, உழவன் கையில் நிற்பது எவ்வளவு? சவ்வரிசியை மிகுதியாக உண்பவர் மராட்டியரும் குசராத்தியரும். அங்கே நோன்புக் காலத்தில் வாங்கல் கூடினால் இங்கே விலை ஏறும். அங்குள்ள வணிகர் கையை மடக்கினால் இங்கே கிழங்கு பிடுங்குவாரின்றி நிற்கும். ஆலை வாயிலில் மாவு எத்தனை புள்ளி என்று அளந்து, புள்ளிக்கேற்ப விலை சொல்வர். பத்துத் திங்கள் மண்ணோடு போராடியவனிடம் புள்ளி குறைவு என்று சொல்லிவிட்டால், மறுத்துரைக்க அவன் கையில் அளவுகோல் இல்லை. விற்றுத் திரும்பும் அவ்வுழவன், பாறைநெய்யிலிருந்து ஆக்கிய பையை விலைகொடுத்து வாங்கி, அதில் வீட்டுக்கு வேண்டியவற்றைக் கொண்டுவருகின்றான். பையாகத் தக்க பொருளை மூட்டையாக விற்றுவிட்டு, மூட்டை கட்டப் பை வாங்குகின்றான்!

குச்சிக்கிழங்கு மாவிலிருந்து பை ஆகுமா என்று ஐயுறுவோர் உண்டு. நெகிழி என்பது ஆய்வுக்கூடத்தார் மட்டுமே ஆக்கவல்லது என்னும் மருட்சிதான் அவ்வையத்தின் வேர். தாய்மார்களே, சவ்வரிசி வடகம் இடாத வீடு இவ்வூரில் உண்டோ? சவ்வரிசியை வேகவைத்துக் கூழாக்கி, வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலிற் காயவிட்டு, துணியின் பின்புறம் நீர் தெளித்து உரித்தெடுக்கின்றீர்கள். உரித்த வடகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவுகின்றது. அதுதான் மாப்படலம். ஆய்வேடுகள் நீளமான பெயர்களால் குறிக்கும் உயிர்நெகிழியின் தாய் அந்த வடகமே. நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடும்போது நூலின்மேல் படிவதும் அதுவே. இயக்கத் தோழர்கள் இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் பசை, வாளியின் விளிம்பில் காய்ந்து தோலாக உரிவதைக் காணாதவர் இரார்.

வடகம் ஏன் ஒடிகின்றது, பை ஏன் மடிகின்றது என்பதே வேறுபாடு. மாப்பொருள் என்று ஈழத்தமிழர் தம் பாடநூல்களில் எழுதும் அப்பொருள், நெடுஞ்சங்கிலிகளால் ஆனது. ஒருவகை நேர்ச்சங்கிலி, அமைலோசு. மற்றொருவகை கிளைத்த சங்கிலி, அமைலோபெக்டின். குச்சிக்கிழங்கு மாவில் நேர்ச்சங்கிலி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, எஞ்சியது கிளைத்தது. நீரிலிட்டு 60, 70 பாகை வரை சூடேற்றுங்கால் மாமணிகள் உப்பி உடைந்து சங்கிலிகள் வெளிப்படுகின்றன. சிறிது காடி சேர்த்தால் அதன் புளிப்பு கிளைகளுள் சிலவற்றை அறுத்துவிடும். படலம் சீராகப் பரவும். நீர் வற்றும்போது சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். அவ்விறுக்கமே ஒடிவுக்குக் கரணியம். அவற்றினிடையே கிளிசரின் புகுந்தால் சங்கிலிகள் வழுக்கி அசையும். படலம் வளையும், மடியும். நெகிழச் செய்வதால் அதனை நெகிழ்ப்பி எனலாம். நெகிழி என்னும் தமிழ்ச்சொல் இவ்வேதியியலை எவ்வளவு நன்றாகத் தன்னுள் வைத்திருக்கின்றது, பாருங்கள்.

இனிச் செய்முறை. கிழங்கைத் தோலுரித்துத் துருவி, நீர் விட்டுப் பிசைந்து, துணியிலிட்டுப் பிழிக. வெளிவரும் பாலை அசையாது வைத்தால் சில மணி நேரத்தில் மாவு அடியில் படியும். தெளிந்த நீரை வடித்து, மீண்டும் தூய நீர் விட்டுக் கலக்கிப் படியவிட்டு, மாவை வெயிலிற் காயவைக்க. ஒரு கிலோ கிழங்கில் 150 முதல் 200 கிராம் வரை மாவு வீட்டு முறையிலேயே கிட்டும். வடித்த முதல் நீரை மாட்டுக்கு வைக்கலாகாது. பச்சைக் கிழங்கில் நஞ்சு உண்டு என்பது இங்குள்ளோர்க்குச் சொல்லவேண்டுவதில்லை, ஆயினும் நகரத்திலிருந்து வந்திருக்கும் இளைஞர்க்காகச் சொல்லப்படுகின்றது.

மாவு ஒரு மேசைக்கரண்டி, நீர் நான்கு மேசைக்கரண்டி, காடி ஒரு தேக்கரண்டி, மருந்துக் கடையில் கிட்டும் கிளிசரின் ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே கட்டியின்றிக் கலக்கிக்கொண்டு, பின்னரே அடுப்பிலேற்றுக. தீ சிறிதாக இருக்கவேண்டும்; கை ஓயாது கிளறவேண்டும். பால்வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெளிந்து, கரண்டியிலிருந்து தடித்து விழும் பதத்தில் இறக்கி, எண்ணெய் தடவிய தட்டையான தட்டில் மெல்லிதாகப் பரப்புக. கடுவெயிலில் வைத்தால் வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் வைத்து உரிக்க. கிளிசரின் கூடினால் படலம் பிசுபிசுக்கும், குறைந்தால் வடகமாகிவிடும். கைப்பழக்கமே ஆசிரியர்.

ஆலைகளில் கழிவாகும் திப்பியை உலர்த்திப் பொடித்துச் சிறிதளவு சேர்த்தால், நார்ப்பற்றினால் படலம் விறைப்பும் வலுவும் பெறும். தெளிவு மட்டும் போய்விடும். வெல்லம் பொதிய வேண்டியவர்க்குத் தெளிவு எதற்கு?

இப்படலத்தின் குறைகளை மறைத்துப் பேசுவது இயக்கத்திற்கு அழகன்று. தண்ணீர் பட்டால் இது குழையும். சூடான தேநீரைத் தாங்காது. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். எறும்பும் எலியும் விரும்பித் தின்னும். தேன்மெழுகு பூசினால் நீரைச் சற்றுத் தாங்கும், அவ்வளவே. ஆகவே குழம்பு கட்ட இது உதவாது. வாழையிலையும் பாக்குமட்டையும் கிடைக்கும் காவிரிக்கரையில் அவற்றை விட்டுவிட்டு மாப்படலத்தை நாடுவதும் பேதைமையே. துணிப்பைக்கு மாற்றாகவும் இதைக் கொள்ளற்க. இலையும் துணியும் உதவாத இடத்தில்தான் இதற்கு வேலை: மஞ்சள்தூள், மல்லி, சவ்வரிசி முதலிய உலர்பொருள்களைச் சிறு சிறு பொதியாகக் கட்டுவதற்கும், விதைப்பொதிக்கும். விதையைப் படலத்தோடு மண்ணிலிட்டு நீர் விட்டால் படலம் குழைந்து போகும், விதை முளைக்கும். ஆங்கே குறையே பயனாகின்றது. நாற்றுப்பைக்கு நாள்தோறும் நீர் ஊற்றவேண்டுமாதலின் வெறும் மாப்படலம் நில்லாது. மெழுகும் திப்பியும் சேர்த்துச் செய்து பார்க்கவேண்டிய வேலை அது.

கடைகளில் 'மட்கும் பை' என்று ஆங்கிலத்தில் எழுதி விற்பனவெல்லாம் மட்குவன அல்ல. சில, பாலித்தீனில் உப்பு வகைகளைக் கலந்து ஆக்கப்பெற்றவை. வெயிலில் தூள் தூளாக உடையும். கண்ணுக்குத் தெரியாமற் போவது மட்குவதாகாது. அத்தூள் மண்ணிலும் மீன் வயிற்றிலும் இருக்கும். வேறு சில, சோள மாவைப் புளிக்கவைத்துப் பெறும் பாலிலாக்டிக்குப் பொருளால் ஆனவை. அவை உண்மையில் மட்கும். ஆனால் 58 பாகை அளவு வெப்பம் நின்று நிலவும் மட்குக் கூடங்களில்தான் விரைந்து மட்கும், காவிரித் தண்ணீரில் அன்று. பையில் எழுதியிருப்பதைத் தமிழில் எழுதச் சொன்னாலே பாதிப் பொய் வெளிப்பட்டுவிடும். படிப்பவர் கேள்வி கேட்பர்.

கிழங்கு ஆலைத் தொழிலும் மாசற்றதன்று. மாவைக் கழுவிய நீர் ஓடைகளில் விடப்பட்டு நிலத்தடி நீர் கெட்ட ஊர்களைச் சேலத்தார் அறிவர். நெகிழியை ஒழிக்கப் போய் நீரைக் கெடுத்தல் கூடாது. வீட்டளவிலும் ஊரளவிலும் செய்தால் கழுவுநீரைச் சிறு குழியில் புளிக்கவிட்டு அடக்கலாம். பேராலையாயின் தூய்மைப்படுத்தும் செலவையும் பையின் விலையிற் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

திருவனந்தபுரத்தில் நடுவண் கிழங்குப் பயிர் ஆய்வு நிறுவனம் 1963 முதல் இயங்குகின்றது. ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி ஆய்வு நிலையம் உள்ளது. மாப்படலத்தைப் பற்றி உலகெங்கும் ஆய்வேடுகள் குவிந்துள்ளன. அவற்றுள் எத்தனை, சேந்தமங்கலத்து ஆலையில் பால் தொட்டி கலக்கும் தொழிலாளி படிக்கத் தமிழில் வந்தன? அவர் பேச்சில் பால், திப்பி, அரவை, களம் எனத் தொழிற்சொற்கள் தமிழாகவே உயிரோடு இருக்கின்றன. அச்சொற்களின் மேல் படலம், நெகிழ்ப்பி, மட்குமை என நாலைந்து சொற்களைச் சேர்த்தால் அத்தொழில்நூல் எழுதி முடிந்தது. அதை எழுதாமல் வைத்திருப்பதற்குத் தமிழின் போதாமையைக் காட்டுவோர், தம் சோம்பலைத் தமிழின்மேல் ஏற்றுகின்றனர்.

தை பிறந்ததும் தோட்டங்களில் கிழங்கு பிடுங்குவர். அப்போது ஒவ்வோர் ஊர்த் தோழரும் ஐந்து கிலோ கிழங்கு வாங்கி இதனைச் செய்து பார்க்கட்டும். மாவின் எடை, கிளிசரின் அளவு, காய்ந்த நாள், படலம் ஒடிந்ததா மடிந்ததா என்பவற்றைத் தமிழிலேயே ஏட்டில் குறிக்க. உள்ளங்கையளவு மாப்படலத் துண்டொன்றையும், அதே அளவு பாலித்தீன் துண்டொன்றையும் கொடிக்கால் மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் அருகருகே புதைத்து, இடத்தில் குச்சி நட்டு, 30-ஆம் நாளும் 60-ஆம் நாளும் தோண்டிப் பார்க்க. தோண்டியெடுத்தவற்றை ஏட்டோடு அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருக.