ஊர் பெயர்ந்த நண்பர்

 



நமது மரக்காணத்தில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளப் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். மழை ஓய்ந்து மீண்டும் பாத்தி திருத்தும்வரை அங்கே வேலை இல்லை. அந்த இடைவெளியில் பிழைப்புத் தேடி வெளியூர் செல்பவர்களில் எல்லோரும் திரும்பி வருவதில்லை.

அப்படிச் சென்ற ஒருவர் என் நெருங்கிய நண்பர். அஸர் தொழுதுவிட்டு இருவரும் உப்பளக் கரையில் நடப்போம்; மஃரிபு பாங்குக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். பெரிதாக எதுவும் பேசியதாக நினைவில்லை. அவர் குடும்பத்தோடு சென்னையில் குடியேறிய பின்னர் அந்த நேரமே எனக்குப் பாரமாகிவிட்டது. முதலில் தினமும் தொலைபேசியில் பேசினோம். பிறகு வெள்ளிக்கு வெள்ளி. பிறகு பெருநாளுக்குப் பெருநாள். ஒருமுறை புதுச்சேரியில் ஒரு நிக்காஹ்வுக்கு வந்தவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் ஊரைக் கடந்து சென்றும் இறங்கவில்லை எனக் கேள்விப்பட்டேன். அவராகவே அழைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஏழு மாதங்கள்! மூன்று இரவுகளுக்கு மேல் சகோதரரை வெறுத்து ஒதுங்குவது ஆகுமானதல்ல என்ற நபிமொழியை இதே மிம்பரில் நின்று பலமுறை எடுத்துரைத்தவன் நான்.

அன்பர்களே! மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் ஃபார்ஸி (ரலி), அபுத் தர்தா (ரலி) இருவரையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒருவர் பாரசீகர், மற்றவர் மதீனாவின் கஸ்ரஜ் குலத்தவர். விருந்தாளியாகத் தங்கிய இரவில், தொழ எழுந்த நண்பரை உறங்கச் சொல்லி, உடலுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டென நினைவூட்டியவர் ஸல்மான் (ரலி). அண்ணலாரும் அதை உண்மையென ஏற்றார்கள்.

பிற்காலத்தில் ஒருவர் ஷாமிலும் மற்றவர் இராக்கிலுமாகப் பிரிந்தனர். 'புனித பூமிக்கு வந்துவிடுங்கள்' என்ற கருத்தில் அபுத் தர்தா (ரலி) மடல் எழுதினார்கள். பூமி எவரையும் புனிதராக்காது, அவரவர் அமலே புனிதராக்கும் என்று பதில் வந்தது. அத்துடன், நீங்கள் காழியாக அமர்த்தப்பட்டதாக அறிந்தேன். அரைகுறை வைத்தியராகி எவரையும் அழித்துவிட வேண்டாம் என்றும் எச்சரித்திருந்தார்கள். அதற்காக அபுத் தர்தா (ரலி) கோபிக்கவில்லை. அதன்பின் தீர்ப்பளித்து அனுப்பியவர்களையும் திரும்ப அழைத்து, வழக்கை மீண்டும் சொல்லச் சொல்வார்களாம். இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் பதிந்துள்ள செய்தி இது. எங்கோ இருக்கும் நண்பரின் ஒரு மடல் எவ்வளவு வேலை செய்திருக்கிறது பாருங்கள்!

மடலோடும் நின்றுவிடவில்லை. பக்தாதுக்கு அருகிலுள்ள மதாயினிலிருந்து ஷாம்வரை ஸல்மான் (ரலி) தம் நண்பரைக் காண நடந்தே வந்தார்கள் என்பதை உம்முத் தர்தா வாயிலாக இமாம் புகாரி (ரஹ்) அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்துள்ளார்கள். பல நூறு கிலோமீட்டர் தூரம்! நமக்கோ சென்னை பேருந்தில் மூன்று மணி நேரம்.

கண்ணில் படாத சகோதரருக்காக ஒருவர் துஆ செய்தால், அருகில் நிற்கும் வானவர் ஆமீன் கூறி, உமக்கும் அவ்வாறே கிடைக்கட்டும் என்கிறார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அதை அறிவிப்பவரும் இதே அபுத் தர்தா (ரலி) அவர்களே. உங்களுக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கும். பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். இன்று சுன்னத் தொழுத பின் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் நம் பெண்மக்களும் தம் தோழியருக்காகக் கேட்கட்டும்.

சென்ற வாரம் நானே அழைத்தேன். அன்று வந்தது வேறொருவரின் வண்டியாம். நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். நான் கோபித்திருந்ததே அவருக்குத் தெரியவில்லை. தம்மீது என்ன குறை கண்டு ஹஜ்ரத் பேசாதிருக்கிறார் என்று அவர் மனைவியிடம் கேட்டு வருந்தியிருக்கிறார்.

இன்ஷா அல்லாஹ், வரும் திங்களன்று சென்னை செல்கிறேன். அஸருக்குள் திரும்ப இயலாது. அன்றைய தொழுகைகளை மோதினார் ஸாஹிப் நடத்துவார்.