ஒத்தாருத் துறைமுகமும் அவ்வூர் வாலிபரும்
(வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பழைய துறைமுக வீதிகள் பாழடைவதைக் காணும்போது, "அது நகரசபையின் வேலை, நமக்கென்ன?" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். அப்படிச் சொல்லாத ஓர் ஊரைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டோம். யப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவிலுள்ள ஒத்தாரு என்பதே அவ்வூர்.

அங்கே கடலோரமாக ஒரு கால்வாய் உண்டு. 1923ஆம் ஆண்டில் முடிவுற்றது. அது நிலத்தில் வெட்டியதன்று. கடலின் ஒரு பகுதியைத் தூர்த்து, பழைய கரைக்கும் புதிய நிலத்துக்கும் நடுவே 40 மீற்றர் அகலத்துக்கு நீரை விட்டுவைத்தார்கள். வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து வத்தைகள் சரக்கேற்றி வந்து, கல்லுச்சுவர்க் கிட்டங்கிகளின் வாசலிலேயே இறக்கும். பிற்காலத்தில் கப்பல்கள் நேரே அணையும் துறைமேடைகள் வந்தன. வத்தைகளுக்கு வேலை போயிற்று. கால்வாய் சேறடைந்து நாறியது. 1966இல் அதை மூடிப் பெருந்தெரு அமைக்கத் திட்டம் வகுத்தார்கள்.

நாறுகின்ற நீரை மூடுவதில் என்ன பிழை? இக்கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் 1973இல் கால்வாயைக் காக்க ஒரு சங்கம் எழுந்தது. மினேயாமா ஃபுமி என்னும் அம்மையார் பின்னர் அதன் தலைமையை ஏற்று நெடுங்காலம் உழைத்தார். மனுக்கள் போயின, விவாதங்கள் நடந்தன. 1978இல் வாலிபர்கள் வேறொரு வழி கண்டார்கள். கால்வாய்க் கரையிலேயே கடைகளும் இசையுமாக ஒரு விழா எடுத்தார்கள். ஒதுங்கிப் போன சனங்கள் அங்கே வந்து நின்று, தங்கள் ஊர்க் கிட்டங்கிகளை நிமிர்ந்து பார்த்தார்கள். நம் எண்ணத்தில் அவ்வியக்கத்தின் உயிர்நிலை இதுவே. நூறு மனு எழுதுவதிலும் பார்க்க இது பெரிய காரியம்.

வென்றார்களா என்று கேட்பீர்கள். பாதி வென்றார்கள். 1983இல் வேலை தொடங்கிற்று. தென்பகுதியில் நீரின் அகலத்திற் பாதியைத் தூர்த்துத் தெரு போட்டார்கள். மிஞ்சிய 20 மீற்றர் நீரோரமாக, வாயு விளக்குகளோடு கூடிய நடைபாதை 1986இல் முடிந்தது. இந்தச் சமரசத்துக்கு இணங்குவதா, இல்லையா என்பதிலே இயக்கத்தாரே பிளவுபட்டனர். ஒன்றாய் உழைத்தவர்கள் முகம் திருப்பிக்கொள்வது எவ்வளவு கொடுமை என்பதைச் சங்கம் நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்லவேண்டுமா!

கிட்டங்கிகள் உணவுச்சாலைகளாயின. அவ்வூரார் முன்னாளில் மண்ணெண்ணெய் விளக்குகளும், மீன்வலைகளுக்குக் கண்ணாடி மிதவைகளும் செய்தவர்கள். அத்தொழிலின் வழிவந்த கண்ணாடிப் பொருட்கள் பழைய கல்லுக் கட்டடங்களில் இன்று விலையாகின்றன. உல்லாசப் பிரயாணிகள் திரளாக வருகிறார்கள். ஆனால் 1964இல் இரண்டு லட்சத்துக்கு மேலிருந்த குடிசனத்தொகை இன்று ஏறக்குறைய அதிற் பாதியே. கால்வாயைக் காத்தவர்களால் ஊரை விட்டுப் போகும் பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை. அது கால்வாயின் குற்றமுமன்று.

வடகோடியில் பழைய 40 மீற்றர் அகலம் அப்படியே உண்டு. அங்கே சிறு படகுகள் கட்டிக் கிடக்கின்றன. பிரயாணிகள் அவ்வளவு தூரம் அதிகம் நடப்பதில்லை.