இரண்டரைக் கிலோ

(எஹலியகொடையில் நடைபெற்ற நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தேகப் பயிற்சியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். நான் ஒரு பெண்ணின் வரலாற்றைப் பேச வந்திருக்கின்றேன். காரணம் உண்டு. சங்க அறையில் கிடக்கும் இரும்புத் தட்டுகளை எடுத்துத் தாங்களும் பழகலாமா என்று நம் பெண் அங்கத்தவர் சிலர் சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். "பெண் பிள்ளைகளுக்குப் பாரம் ஆகாது" என்றார் பெரியவர் ஒருவர். அவர் இப்போது முன்வரிசையிலேதான் அமர்ந்திருக்கிறார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என்றாலும் ஒன்று கேட்கிறேன், ஐயா. நமது மலைகளில் பாரம் தூக்காத பெண் யார்? விடியலில் ரப்பர் மரம் வெட்டி, பால் நிறைந்த வாளியோடு வழுக்குப் பாதையில் இறங்கி வருகிறவர் யார்? என் தாயார் கொழுந்துக் கூடையோடு தராசின் முன் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கிலோ குறைந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லப்போகும் கதை அவர் போன்றோருக்கு எளிதில் விளங்கும்.

ஆந்திர நாட்டிலே ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் ஆமதாலவலசை என்றோர் ஊர். அங்கே வளர்ந்தவர் கர்ணம் மல்லேஸ்வரி. 1975ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் ரயில்வே பாதுகாப்புப் படையில் சாதாரணக் காவலர். உடன்பிறந்தவர்கள் நான்கு சகோதரிகள். பன்னிரண்டு வயதிலே, நீலம்செட்டி அப்பண்ணா என்னும் ஆசிரியரிடம் பளு தூக்கப் பழகினார். சகோதரிகளும் பழகினார்கள். ஐந்து பெண்களைப் பெற்ற வீட்டைப் பார்த்து ஊரார் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் லயத்திலும் அதைத்தானே சொல்கிறோம்.

பதினெட்டாம் வயதில், 1993இல், மெல்போர்ன் நகரில் நடந்த உலகப் போட்டியில் 54 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார். 1994இல் இஸ்தான்புல்லிலும் 1995இல் சீனாவின் குவாங்சோவிலும் அதே பிரிவில் தங்கம். ஆயினும் பெண்களுக்கான பளு தூக்குதல் அந்நாளில் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. ஆண்கள் 1896 முதலே தூக்கினார்கள். பெண்களுக்கு 2000ஆம் ஆண்டில், சிட்னியில்தான் கதவு திறந்தது. அதற்குள் அவருக்கு வயது இருபத்தைந்து. 1997இல் மணமும் முடிந்திருந்தது. உடல் எடையும் ஏறி, 69 கிலோ பிரிவுக்கு வந்திருந்தார். 'இனி இவரால் என்ன ஆகும்' என்று பத்திரிகைகளிலே ஏளனமாகவும் எழுதினார்கள்.

போட்டியின் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது ஸ்னாட்ச்: கம்பியை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் ஏற்றுவது. இரண்டாவது கிளீன் அண்ட் ஜெர்க்: முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. இரண்டிலும் தூக்கிய பெரிய எடைகளைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை சமமானால், அந்நாளைய விதிப்படி, உடல் எடை குறைந்தவர் முந்தினார்.

2000 செப்டெம்பர் 19. மல்லேஸ்வரி ஸ்னாட்சில் 110 கிலோ தூக்கினார். அடுத்ததில் 130. நம் கடைகளில் இறக்கும் ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை இரண்டரைக்கும் சற்று அதிகம்! கூட்டுத்தொகை 240. சீனாவின் லின் வெய்னிங், ஹங்கேரியின் மார்குஸ் இருவரும் 242.5. கடைசி வாய்ப்பில் மல்லேஸ்வரி 137.5 கேட்டார். ஏறவில்லை. 135 கேட்டு அது ஏறியிருந்தால் 245, தங்கம் அவருடையது. ஏன் அந்த இரண்டரைக் கிலோவைக் கூட்டினார்கள் என்று கணக்குப் பார்த்து வருந்துவோர் இன்றும் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. எனினும் வெண்கலத்தோடு இறங்கிய அவரே ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி.

அதே சிட்னியில், ஒன்பது நாள் கழித்து, 200 மீட்டர் ஓடி வெண்கலம் பெற்றவர் நமது நாட்டு சுசந்திகா ஜயசிங்க. முதலாவதாக வந்தவர் ஊக்க மருந்து உட்கொண்டது வெளியானபின், அது வெள்ளியாக உயர்ந்தது. அவர் எந்தப் பக்கத்தவர்? வரக்காபொலைப் பக்கம், நமது சப்ரகமுவவேதான்!

மல்லேஸ்வரிக்குப் பின்னும் வழி அடைபடவில்லை. மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் நமது தினுஷா கோமஸ் 48 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார்.

நிற்க. பெரியவரின் அச்சம் பிள்ளைப்பேறு பற்றியது என்பதை நான் அறிவேன். சபையில் அதைச் சொல்ல அவர் கூசினார், நான் கூசவில்லை. சிட்னிக்கு அடுத்த ஆண்டு, 2001இல், மல்லேஸ்வரி ஓர் ஆண் மகவைப் பெற்றார். அதன் பிறகு 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் மேடையேறினார். காயத்தினால் முடிக்க இயலாமல் ஓய்வு பெற்றார். 2021இல் டில்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார்.

பெரியவர் சொன்னதில் ஒரு பாதி சரி. முறை தெரியாமல் தூக்கினால் முதுகு போகும், ஆணுக்கும் போகும். தாய்மார்களே, முதுகு குனிந்து வாளி தூக்கி உங்களில் எத்தனை பேருக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது? முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்க வேண்டும் என்பதே அந்த அறையில் முதற்பாடம். முதல் மாதம் தட்டே இல்லை, வெறுங்கம்பு மட்டும்.

ஆகவே என் வேண்டுகோள்: செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து முதல் ஆறரை வரை அறையைப் பெண் அங்கத்தவர்களுக்கு ஒதுக்குங்கள். தாய்மார் இருவர் உடனிருக்கட்டும். பெரியவர் அவர்களும் வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்து பார்க்கலாம். சாவி செயலாளரிடம் இருக்கிறது.